ஆறு நாட்களும் ஓர் ஆதாமும்: படைப்பின் வரலாற்றை இரட்சிப்பின் அடையாளமாக வாசிக்கலாமா?

வேர்தேடி

ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்களை, உலகம் உண்டான விதத்தைப் பற்றிய அறிக்கையாக அல்லாமல், தேவன் மனிதனை மீட்கும் விதத்தைப் பற்றிய அடையாளமாக வாசிக்க வேண்டும் என்பதே நான் இங்கே முன்வைக்க விரும்பும் கருத்து. விஞ்ஞானத்துக்கு அஞ்சி நேற்றைக்குக் கண்டுபிடித்த வாசிப்பு அன்று இது. பவுலே இதைத் தொடங்கி வைத்திருக்கிறார். இருளிலிருந்து வெளிச்சத்தைப் பிரகாசிக்கச் சொன்ன தேவனே எங்கள் இருதயங்களிலும் பிரகாசித்தார் என்று 2 கொரிந்தியர் 4:6-இல் அவர் எழுதும்போது, படைப்பின் முதல் நாள் விசுவாசியின் நெஞ்சுக்குள் மறுபடியும் விடிகிறது.

அதே வழியில் வெகுதூரம் போனவர் ஆதித் திருச்சபையின் ஆயரான அகுஸ்தீன். கி.பி. 400-ஐ ஒட்டி அவர் எழுதிய 'ஒப்புதல்கள்' நூலின் கடைசிப் பாகமான 13-ஆம் பாகத்தைப் படித்துப் பாருங்கள். ஆகாயவிரிவு என்பது அங்கே வேதாகமம். தோலைப் போல நமக்கு மேலே விரிக்கப்பட்டிருக்கிறது. ஏன் தோல் என்றால், பாவத்தினால் சாவுக்கு உட்பட்ட மனிதருக்கு தேவன் உடுத்தியது தோல் உடை. அவ்வாறு சாவுக்கு உட்பட்ட மனிதர்களைக் கொண்டே வேதத்தையும் எழுதுவித்தார் என்கிறார். ஒன்றாய்ச் சேர்க்கப்பட்ட கசப்பான கடல், இவ்வுலக ஆசைகளில் கூடிக் கிடக்கும் மனிதர் கூட்டம். அதிலிருந்து வெளிப்பட்ட வெட்டாந்தரை, தேவன்மேல் தாகம் கொண்ட ஆத்துமா. அது முளைப்பிக்கும் கனி, இரக்கத்தின் செயல்கள். ஏழாம் நாளுக்கு மட்டும் சாயங்காலம் சொல்லப்படவில்லை என்பதையும் அவர் கவனித்து, அதை முடிவில்லாத இளைப்பாறுதலாகக் கொள்கிறார்.

அவருக்கும் முன்னர், மூன்றாம் நூற்றாண்டில், வேத அறிஞர் ஒரிகன் கேட்ட கேள்வி இன்னும் நேரடியானது. சூரியனும் சந்திரனும் நான்காம் நாளில்தான் உண்டாயின என்றால், முதல் மூன்று நாட்களின் மாலையும் காலையும் எவ்வாறு வந்தன என்றும், தேவன் ஒரு குடியானவனைப் போல மரம் நட்டார் என்று புத்தியுள்ள எவன் நம்புவான் என்றும் அவர் கேட்டார். ஆகவே நாட்களின் நீளத்தைப் பற்றியும் ஆதாம் என்ற தனிமனிதன் வாழ்ந்தானா என்பதைப் பற்றியும் நாம் சண்டையிட வேண்டிய அவசியமே இல்லை என்று கருதுகிறேன். ஆதாம் என்பவன் நானும் நீங்களும்தான். ஒழுங்கின்மையிலிருந்து ஓய்வுநாளை நோக்கி தேவன் நம்மை நடத்திச் செல்லும் பாதையே அந்த ஏழு நாட்கள்.

பெரோயா

வேர்தேடி சகோதரருக்கு, அழகான பதிவு. ஆனால் அதன் கடைசிப் பத்தியில் நீங்கள் போகிற போக்கில் கழற்றிவிட்ட ஆணியில்தான் சுவிசேஷம் முழுவதும் தொங்குகிறது.

நீங்கள் எடுத்துக்காட்டிய 2 கொரிந்தியர் 4:6-ஐயே எடுத்துக்கொள்வோம். அன்றைக்கு வெளிச்சத்தை உண்டாக்கிய தேவன்தான் இன்றைக்கு எங்கள் இருதயத்தில் பிரகாசித்தார் என்பது அதன் வாதம். முதலாவது செயல் நடந்திருந்தால்தான் இரண்டாவதற்கு அது ஆதாரமாகும். பவுல் படைப்பைக் கரைத்து இருதயத்துக்குள் ஊற்றவில்லை. படைப்பின்மேல் நின்றுகொண்டு இருதயத்தைப் பற்றிப் பேசுகிறார். நாட்களைப் பொறுத்தவரை, தேவனே தமது வாயால் சொன்ன விளக்கம் யாத்திராகமம் 20:11-இல் இருக்கிறது. கர்த்தர் ஆறுநாளைக்குள்ளே வானத்தையும் பூமியையும் உண்டாக்கி ஏழாம் நாளிலே ஓய்ந்திருந்தார், ஆகையால் நீயும் ஆறுநாள் வேலைசெய்து ஏழாம் நாளில் ஓய்ந்திரு என்பது கட்டளை. வேலை செய்கிறவனின் ஆறு நாட்கள் உண்மையான நாட்களாகவும், அவற்றுக்குக் காரணமாகக் காட்டப்பட்ட ஆறு நாட்கள் அடையாளமாகவும் இருப்பது எப்படி என்று நீங்கள்தான் விளக்க வேண்டும்.

ஆயினும் நாட்களைக் காட்டிலும் எனக்குப் பெரிய கவலை ஆதாமைப் பற்றியது. ரோமர் 5-ஆம் அதிகாரத்தின் 12-ஆம் வசனத்திலும், பிறகு 15 முதல் 19 வரையுள்ள ஒவ்வொரு வசனத்திலும், ஒரு மனிதன், ஒருவனுடைய மீறுதல் என்று பவுல் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒருவனாலே மரணம் வந்தது, ஒருவராலே ஜீவன் வந்தது. லூக்கா தம்முடைய வம்சவரலாற்றை ஆதாம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துகிறார். அந்த வரிசையில் எந்தப் பெயரிலிருந்து மனிதர்கள் முடிந்து அடையாளங்கள் தொடங்குகின்றன? ஆதாம் பாவத்தில் விழுந்த அந்த விழுகை ஓர் அடையாளம் என்றால், அடையாளமாய் விழுந்தவர்களுக்காக ஒருவர் உண்மையாகவே ஆணியடிக்கப்பட்டு இரத்தம் சிந்தினார் என்றாகிறது. அது எனக்குப் பொருந்தவில்லை.

பழைய சபைப் பிதாக்கள் எல்லாரும் உங்கள் பக்கம் நிற்பதுபோலவும் எழுதியிருக்கிறீர்கள். நான்காம் நூற்றாண்டில் பேசிலியு ஆறு நாட்களைக் குறித்துச் செய்த ஒன்பது பிரசங்கங்களில் கடைசிப் பிரசங்கத்தைப் பாருங்கள். உருவகமாய் விளக்குகிறவர்களின் வழக்கம் எனக்குத் தெரியும், ஆனால் புல் என்றால் நான் புல் என்றே புரிந்துகொள்கிறேன். செடி, மீன், மிருகம் எல்லாவற்றையும் சொன்னபடியே ஏற்கிறேன் என்பது அவருடைய நிலை.

கேள்விக்குறி

நான் விசுவாசி அல்லன். இந்தப் பகுதிகளை இலக்கியமாகவே படிக்கிறேன். எனவே நாட்கள் நடந்தனவா என்பதில் எனக்கு வழக்கு இல்லை. என் ஐயம் வேறு.

நன்மை, தீமை என இரண்டு ஆதி சக்திகள் உண்டு என்று நம்பிய மானிக்கேயருக்கு எதிராக அகுஸ்தீன் முதலில் எழுதிய நூலில் ஆறு நாட்களை உலகத்தின் ஆறு யுகங்களாகப் பிரித்தார்: ஆதாமிலிருந்து நோவா வரை, நோவாவிலிருந்து ஆபிரகாம் வரை, அப்படியே தாவீது, பாபிலோன் சிறையிருப்பு, கிறிஸ்து, கடைசியில் உலக முடிவு. அதே நூலில், அதே நாட்களைத் தனிமனிதனின் ஆன்மிக வளர்ச்சிப் படிகளாகவும் சொன்னார். 'ஒப்புதல்கள்' நூலில் அவை சபையின் வாழ்வாயின. பிறகு எழுதிய பெரிய விளக்கவுரையில் அவை தேவதூதர்களின் அறிவைக் குறித்தன. ஒரே ஆள், ஒரே அதிகாரம், நான்கு பொருள்கள். எவர் போட்டாலும் பொருந்துகிற சட்டை எவருக்கும் அளவெடுத்துத் தைத்தது அன்று. இந்த வாசிப்பில் தவறான விடை என்று ஒன்று இருக்க முடியுமா? இருக்க முடியாது என்றால், அது வாசிப்பே அன்று.

பாஸ்காத்திரி

கேள்விக்குறி அவர்களின் கேள்விக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டியது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அடையாள வாசிப்புக்கு எல்லை உண்டு. அதை 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா மிகத் தெளிவாக வரையறுத்தார். ஆன்மிகப் பொருள்கள் யாவும் எழுத்தின் நேர்ப்பொருளை அடித்தளமாகக் கொண்டவை. ஒரு வாதத்தை நிறுவுவதற்கு நேர்ப்பொருளை மட்டுமே பயன்படுத்தலாம். ஆன்மிகப் பொருளாக ஓரிடத்தில் கிடைக்கும் எந்த இன்றியமையாத உண்மையும் மறைநூலில் வேறோர் இடத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டே இருக்கும். ஆகவே வெட்டாந்தரையை ஆன்மாவாகக் காண்பது புதிதாக ஒரு கோட்பாட்டை உண்டாக்குவதற்காக அன்று. ஏற்கெனவே அறிந்த மீட்பைப் படைப்பின் ஒளியில் மீண்டும் காண்பதற்காக. ஒருவர் நான்கு விதமாகக் கண்டார் என்பதனால் நான்கும் பொய்யாகிவிடா. ஆனால் நான்காம் நாளின் விளக்குகளைக் காட்டி, கடவுள் அன்பற்றவர் என்று ஒருவர் விளக்கினால், அது தவறான விடை என்று எந்தத் தயக்கமுமின்றிச் சொல்லலாம்.

இந்த வாசிப்பை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை, வழிபாட்டிலிருந்து கற்றுக்கொண்டேன். உயிர்ப்புப் பெருவிழாவின் பாஸ்கா திருவிழிப்பு இரவில், விளக்குகள் அணைக்கப்பட்ட ஆலயத்துக்குள் பாஸ்கா திரி ஒன்று மட்டும் எரிந்தவாறு வருகிறது. அதன் சுடரிலிருந்து மற்றவர்களின் திரிகள் பற்றவைக்கப்பட்ட பிறகு வாசிக்கப்படும் முதல் வாசகம் தொடக்கநூலின் (ஆதியாகமத்தின்) முதல் அதிகாரம். பின்னர் வரும் வாசகங்களுள் எதைக் குறைத்தாலும் செங்கடலைக் கடந்த விடுதலைப் பயண வாசகத்தைக் குறைக்கக் கூடாது என்பது விதி. அதன் பிறகு திருமுழுக்குத் தண்ணீருக்கு ஆசி வழங்கும் மன்றாட்டில், தொடக்கத்தில் நீரின்மேல் அசைவாடிய ஆவி, நோவாவின் வெள்ளம், செங்கடல், யோர்தான், சிலுவையில் ஆண்டவரின் விலாவிலிருந்து வழிந்த இரத்தமும் தண்ணீரும் என்று ஒரே மூச்சில் வரிசையாக நினைவுகூர்கிறார்கள். ஒழுங்கற்றிருந்த நீருக்கும் திருமுழுக்குத் தொட்டியின் நீருக்கும் உள்ள உறவு அங்கே விளக்கப்படுவதில்லை. திரியின் அடிப்பகுதி தண்ணீருக்குள் இறக்கப்படும்போது அது நிகழ்த்தப்படுகிறது.

இனி பெரோயா அவர்களுக்கு. ஆறு நாட்களையும் ஆதாமையும் நீங்கள் ஒரே கயிற்றில் கட்டுகிறீர்கள். வேர்தேடி அவர்களும் அப்படியே கட்டி, இரண்டையும் சேர்த்து ஆற்றில் விடுகிறார். எங்கள் திருஅவை அந்த முடிச்சை அவிழ்க்கிறது. 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல், தொடக்கநூல் 3-ஆம் அதிகாரம் உருவக மொழியில் பேசுகிறது என்றும், ஆயினும் மனித வரலாற்றின் தொடக்கத்தில் உண்மையாகவே நடந்த ஒரு நிகழ்வை அது உறுதிப்படுத்துகிறது என்றும் ஒரே பத்தியில் சொல்கிறது. 1950-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் எழுதிய சுற்றுமடல், மனித உடலின் தோற்றத்தைப் பற்றிய ஆய்வுக்கு இடம் கொடுத்தது. ஆனால் மனித குலம் பல முதற்பெற்றோரிடமிருந்து வந்தது என்னும் கருத்தைப் பிறப்புநிலைப் பாவத்தைப் பற்றிய போதனையோடு எவ்வாறு இணைப்பது என்பது விளங்கவில்லை என்று எச்சரித்தது. நாட்களில் தாராளம், விழுகையில் கண்டிப்பு என்று இதைச் சுருக்கிக்கொள்ளலாம். அகுஸ்தினாரும் யாவும் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன என்றுதான் கருதினார். டார்வினின் நூல் வெளிவந்த 1859-க்கும் அவருக்கும் இடையே 1400 ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன.

பெரோயா

பாஸ்காத்திரி அவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு மட்டும். அகுஸ்தீன் நாட்களை நீட்டவில்லை, சுருக்கினார். கணத்தில் படைக்கப்பட்டது என்று சொன்ன அவரே, மனிதன் உண்டாகி இன்னும் 6000 ஆண்டுகள் நிறையவில்லை என்று தம்முடைய 'கடவுளின் நகரம்' நூலில் எழுதியிருக்கிறார். எனவே டார்வின் வழக்கில் அவரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமன்று. அவருடைய ஒரு கணக் கொள்கையை சீர்திருத்தவாதி கால்வின் 1554-இல் வெளியிட்ட ஆதியாகம விளக்கவுரையில் மறுத்தார். தேவன் நம்முடைய புத்திக்கு இசைவாகத் தமது வேலைக்கு உண்மையாகவே ஆறு நாட்கள் எடுத்துக்கொண்டார் என்பது கால்வினின் விடை. தேவன் தம்மை நமக்குத் தாழ்த்திக்கொண்டார் என்பதை இதைவிட நன்றாக எந்த உருவகமும் சொல்லவில்லை.

வேர்தேடி

அடையாளமாய் விழுந்தவனுக்காக உண்மையான சிலுவையா என்ற பெரோயா அவர்களின் கேள்வி வலுவானது. அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி, அடையாளம் என்றாலே நடவாதது, நடவாதது என்றாலே பொய் என்று எடுத்துக்கொள்கிறது. வேதமே அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் வந்து ஒரு கதை சொல்கிறான். ஐசுவரியவான் ஒருவன், தரித்திரன் ஒருவன், தரித்திரனின் மடியிலே படுத்து, அவன் வாயின் அப்பத்தைத் தின்று வளர்ந்த ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அப்படி ஒரு குட்டி எந்த ஊரிலும் இருந்ததில்லை. ஆயினும், அதைச் செய்தவன் மரணத்துக்குப் பாத்திரன் என்று தாவீது கோபம் மூண்டு சொல்லுகிறான். நீயே அந்த மனுஷன் என்கிறான் நாத்தான். ஆட்டுக்குட்டி இல்லாததால் தாவீதின் பாவம் இல்லாமல் போய்விட்டதா? ஏதேன் தோட்டமும் அவ்வாறே செயல்படுகிறது. நீர் தந்த ஸ்திரீயானவள் கொடுத்தாள் என்று ஆதாம் கைகாட்டுகிறான், சர்ப்பம் வஞ்சித்தது என்று ஏவாள் கைகாட்டுகிறாள். அதைப் படிக்கும்போது யார் யாரைப் பற்றிய கதை இது என்று எனக்குச் சந்தேகம் வருவதே இல்லை.

மேலும், விழுகையை ஒரு சட்டக் குற்றமாக மட்டும் காண்பது மேற்கத்திய வழக்கம். இரண்டாம் நூற்றாண்டில் இரேனியு ஆதாமையும் ஏவாளையும் குழந்தைகளாகவே கண்டார்; முதிர்ச்சி பெறும் முன் வழுக்கியவர்கள். கிறிஸ்து அந்தக் குழந்தைப் பருவம் முதற்கொண்டு மனித வாழ்வின் ஒவ்வொரு படியையும் தாமே கடந்து, மரத்தினாலே வந்த கீழ்ப்படியாமையை மரத்தின்மேலேயே கீழ்ப்படிந்து சரிசெய்தார் என்பதும், ஏவாளின் கீழ்ப்படியாமை இட்ட முடிச்சை மரியாளின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்பதும் அவருடைய போதனை. கதையின் ஒவ்வோர் இழையும் திருப்பி நெய்யப்படுகிறது. இரட்சிப்பு என்பதே படைப்பின் கதையை மறுபடியும், இம்முறை சரியாக, நடத்திக் காட்டுவதுதான்.

பெரோயா

நாத்தானின் கதையை நீங்கள் எடுத்தது எனக்கு மகிழ்ச்சி. அது ஏன் தாவீதைக் குத்தியது? ஆட்டுக்குட்டி கற்பனை, ஆனால் தாவீது மனைவியை அபகரித்துக் கொல்லுவித்த உரியா கற்பனை அல்லன். அம்மோனியருடைய நகரத்து மதிலடியில் அவன் செத்துக் கிடந்தான். உரியாவின் பிணம் இல்லையென்றால் நாத்தானின் உவமை வெறும் கதை. ஆகவே என் கேள்வியை உங்கள் உவமையைக் கொண்டே கேட்கிறேன்: ஏதேனின் உரியா யார்? எந்த உண்மையான நிகழ்ச்சியை அந்த உவமை சுட்டுகிறது?

இரேனியுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆதாம் இரட்சிக்கப்படவில்லை என்று தத்தியான் போதித்தபோது, அதை எதிர்த்து, காணாமற்போன முதலாவது ஆட்டையே மேய்ப்பர் மீட்காமல் விட்டால் அவர் தோற்றுப்போனவராவார் என்ற பொருளில் வாதாடியவர் இரேனியு. ஆதாம் பரலோகத்தில் இருக்கிறானா இல்லையா என்று இருவர் வழக்காடியிருக்கிறார்கள். ஓர் அடையாளத்தின் ஆத்தும இரட்சிப்பைக் குறித்து எவரும் வழக்காடுவதில்லை.

கீழ்த்திசை

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உரையாடல் முழுவதும் கிரேக்கரையும் இலத்தீனரையும் சுற்றியே நடப்பதால், சிரியாக் மொழியில் பாடிய எபிரேமைக் கொண்டுவருகிறேன். 373-இல் மறைந்த இவர், இந்த விவாதத்தின் இரு அணியிலும் ஒரே நேரத்தில் நிற்பவர்.

ஆதியாகமத்துக்கு எழுதிய உரையின் தொடக்கத்திலேயே, ஆறு நாட்களின் செயல்களில் உருவகம் ஏதேனும் இருப்பதாக எவரும் எண்ண வேண்டாம் என்று எபிரேம் கண்டிப்பாகச் சொல்கிறார். பெரோயா அவர்கள் இதைச் சட்டமிட்டு மாட்டிக்கொள்ளலாம். அதே எபிரேம் பரதீசைப் பற்றிப் பதினைந்து பாடல்கள் பாடியிருக்கிறார். அவற்றில் பரதீசு ஒரு மலை. ஊழிவெள்ளத்தின் மிக உயர்ந்த அலையும் அதன் அடிவாரத்தைத்தான் தொட்டது. மலையின் நடுவே நன்மை தீமை அறியத்தக்க மரம் நிற்கிறது, அது தேவாலயத்தின் திரைச்சீலை. அதற்கு அப்பால், மகா பரிசுத்த ஸ்தலத்தின் இடத்தில், ஜீவவிருட்சம். ஆதாம் அழைக்கப்படாமல் திரைக்குள் நுழைய முயன்ற ஆசாரியன்; தூபங்காட்டத் துணிந்து குஷ்டரோகியான உசியா ராஜாவோடு அவனை எபிரேம் ஒப்பிடுகிறார். வாசலில் கேருபீன் பிடித்த சுடரொளிப் பட்டயத்துக்கு என்ன ஆயிற்று? ஒரு போர்ச்சேவகனின் ஈட்டி கிறிஸ்துவின் விலாவைக் குத்தியது. குத்தப்பட்டவர் பரதீசின் வாசலிலிருந்து அந்தப் பட்டயத்தை அகற்றினார் என்று பாடுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, ஈட்டியும் பட்டயமும் சந்திப்பதற்கு எபிரேம் எதையும் நடவாததாக ஆக்கவில்லை என்பதுதான். விலாவும் அப்படியே. தூங்கிய ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் எடுக்கப்பட்டாள்; சிலுவையில் மரித்தவரின் விலாவிலிருந்து, யோவான் 19:34-இல் சொல்லப்பட்ட இரத்தத்திலும் தண்ணீரிலும், சபை பிறந்தது. தெர்த்துல்லியனும் யோவான் கிறிசோஸ்தோமும் அகுஸ்தீனும் இதையே சொன்னார்கள். இவர்கள் எல்லாருக்கும் படைத்தவர் ஒருவர், மீட்டவரும் அவரே. ஆகையால் முதல் செயலிலேயே இரண்டாவது செயலின் சாயலை அவர் பதித்து வைத்தார். நடந்ததா, அடையாளமா என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் நம்முடையது.

ஆனால் பெரோயா அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளம் தொடமுடியாத மலையை நீங்கள் எந்தப் பூகோளப் படத்தில் வைப்பீர்கள்? எபிரேமுக்கு பரதீசு உண்மை. ஆனால் நடந்து போய்ச் சேரக்கூடிய உண்மை அன்று.

கேள்விக்குறி

எபிரேம் அருமை. இருப்பினும் எனக்கு இன்னொரு நெருடல் உண்டு. முதல் அதிகாரத்தில் மரங்களும் விலங்குகளும் மனிதனுக்கு முன்னர் வருகின்றன. இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகுதான் தோட்டமும் விலங்குகளும் வருகின்றன. நினிவேயின் இடிபாடுகளிலிருந்து கிடைத்த பாபிலோனியப் படைப்புக் காவியத்தை ஜார்ஜ் ஸ்மித் 1876-இல் வெளியிட்டதிலிருந்து, இந்த அதிகாரங்களின் முதல் கேட்பவர்கள் எந்தக் கதைகளுக்கு நடுவே வாழ்ந்தார்கள் என்பதும் தெரியும். சூரியனும் சந்திரனும் கடவுளர் அல்லர், வெறும் விளக்குகள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த செய்தியாக இருந்திருக்கும். மீட்பு என்பது பிற்காலக் கிறிஸ்தவர்கள் கொண்டுவந்து ஒட்டியது இல்லையா?

பாஸ்காத்திரி

இல்லை. எசாயா 51-ஆம் அதிகாரத்தின் 9 முதல் 11 வரையுள்ள வசனங்களை எடுத்துப் பாருங்கள். பாபிலோனில் நாடிழந்து கிடந்த மக்களுக்கான வாக்கு அது. ஆண்டவரின் கரமே, எழுந்திரு என்று அழைத்து, ஆதிகாலத்துப் பூதப் பாம்பை வெட்டி வீழ்த்தியது நீதானே என்கிறது. அடுத்த மூச்சில், மீட்கப்பட்டோர் கடந்து போகக் கடலின் ஆழத்தை வழியாக்கியது நீதானே என்கிறது. மூன்றாவது மூச்சில், ஆண்டவரால் விடுவிக்கப்பட்டோர் பாடிக்கொண்டே சீயோனுக்குத் திரும்புவார்கள் என்கிறது. படைப்பு, செங்கடல், நாடு திரும்புதல் ஆகிய மூன்றும் ஒரே கரத்தின் செயல்கள். கிறிஸ்தவர்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இஸ்ரயேல் படைப்பை மீட்பாக வாசித்துவிட்டது. நாங்கள் செய்ததெல்லாம் அந்த வரிசையில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்ததுதான்.

பெரோயா

எசாயாவின் வசனங்களை முழு மனதோடு ஏற்கிறேன். முன்னடையாளத்தை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆதாம் பின்பு வந்தவருக்கு முன்னடையாளமானவன் என்று ரோமர் 5:14-லேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வசனத்தின் முற்பகுதி என்ன? ஆதாம் முதல் மோசே வரைக்கும் மரணம் ஆண்டுகொண்டது. இது ஒரு காலக் கணக்கு. ஒரு முனையில் மோசே நிற்கிறார். மோசே நானும் நீங்களும் அல்லர். நியாயப்பிரமாணத்தைப் பெற்ற ஒரு மனிதர். மறுமுனையில் நிற்பவனை மட்டும் எல்லா மனிதரும் என்று எப்படி வாசிப்பது?

அதைவிடக் கடுமையான சிக்கல் 1 கொரிந்தியர் 15-இல் வருகிறது. ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறார்கள் என்று சொல்லும் அதே அதிகாரத்தில், கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்றும் பவுல் சொல்கிறார். முதல் ஆதாமை அடையாளமாக்கும் கத்தியை எந்த இடத்தில் நிறுத்துவீர்கள், வேர்தேடி சகோதரரே? காலியான கல்லறை வரைக்கும் அது ஏன் போகக் கூடாது?

வேர்தேடி

போகாது. காரணத்தை அந்த அதிகாரமே சொல்லியிருக்கிறது. உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும்போது பவுல் சாட்சிகளின் பட்டியலைக் கொடுக்கிறார்: கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஒரே வேளையில் ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு, கடைசியாகத் தாமே. அந்த ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பது அதன் தொனி. ஏதேனுக்கு அத்தகைய சாட்சி எவருமில்லை, எழுதியவரும் அப்படி எவரையும் நிறுத்தவில்லை; பேசும் சர்ப்பத்தையும் உண்டால் என்றென்றைக்கும் உயிரோடிருக்கச் செய்யும் கனியையும் வைத்துத் தாம் எவ்வகைப் பேச்சைப் பேசுகிறார் என்பதைக் காட்டிவிட்டார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதால் உயிர்த்தெழுதலுக்குத்தான் எடை குறைகிறது.

ஏதேனின் உரியா யார் என்றும் கேட்டீர்கள். ஆபேல் முதல் இன்று காலை வரை அநியாயமாய்ச் செத்த ஒவ்வொருவரும் என்பது என் பதில். அந்த உவமை சுட்டும் நிகழ்ச்சி ஒன்றல்ல, அது நிற்கவில்லை.

மோசேயைப் பற்றிய வாதத்துக்கு எபிரெயர் 7-ஐக் காட்டுகிறேன். மெல்கிசேதேக்குக்குத் தகப்பனும் தாயும் வம்சவரலாறும் இல்லை, நாட்களின் துவக்கமும் ஜீவனின் முடிவும் இல்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. சாலேமின் ராஜாவுக்குப் பெற்றோர் இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆதியாகமம் அவர்களைக் குறிப்பிடவில்லை, அவ்வளவுதான். நிருபத்தை எழுதியவர் ஆதியாகமம் கதையை எப்படிச் சொல்கிறதோ அதையே ஆதாரமாக வைத்துக் கிறிஸ்துவைப் பற்றி வாதிடுகிறார். ஆதாம் முதல் மோசே வரை என்று பவுல் எழுதும்போதும், வேதம் விரித்துக் காட்டும் கதைக்குள் நின்றுதான் அதன் முனைகளை எண்ணுகிறார்.

கீழ்த்திசை

வேர்தேடி அவர்களே, விழுகை இன்னும் நிற்கவில்லை என்றால், மனிதன் வீழ்ந்தவனாகவே படைக்கப்பட்டான் என்றாகிவிடாதா? எல்லாவற்றையும் மிகவும் நன்றாயிருந்தது என்று கண்ட முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தை அப்போது எங்கே வைப்பீர்கள்? நான் பெரோயா அவர்களின் நாட்காட்டியை ஏற்பவன் அல்லன். ஆனால் நன்மைக்கும் விழுகைக்கும் இடையே முன், பின் என்ற ஒன்று இல்லாமல் போனால், தீமையின் பழி படைத்தவர்மேல்தான் விழும். மானிக்கேயரை எதிர்த்து அகுஸ்தீன் ஆதியாகமத்தைக் கையில் எடுத்ததே அதற்காகத்தான்.

பெரோயா

கீழ்த்திசை அவர்கள் கேட்டதற்கு வேர்தேடி சகோதரர் பதில் சொல்லட்டும். எனக்கும் அதே கேள்விதான். மெல்கிசேதேக்கைப் பொறுத்தவரை, எபிரெயர் 7:3-ஐ எடுத்துக்காட்டியவர் அடுத்த வசனத்தை விட்டுவிட்டார். இவன் எவ்வளவு பெரியவனாயிருக்கிறான் பாருங்கள், கோத்திரத்தலைவனாகிய ஆபிரகாம் கொள்ளையிடப்பட்ட பொருள்களில் இவனுக்குத் தசமபாகம் கொடுத்தான் என்று 4-ஆம் வசனம் தொடங்குகிறது. வாங்காதவனுக்குக் கொடுத்த தசமபாகத்தைக் கொண்டு, ஆசாரியர்களின் முற்பிதாவான லேவியைவிட மெல்கிசேதேக்கு பெரியவன் என்று அந்த நிருபம் நிறுவுவதெப்படி? அந்த அதிகாரத்தை 10-ஆம் வசனம் வரை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் வாதம் எழுத்தின் மௌனத்தின்மேல் நிற்கிறது, எந்த இடத்தில் நடந்த செயலின்மேல் நிற்கிறது என்று வசனம் வசனமாகப் பிரித்துக் காட்டுங்கள். நானும் அதையே செய்து அடுத்த பதிவில் இடுகிறேன்.